டெண்டரில் ஜெயித்த கைத்துப்பாக்கி

அமெரிக்க ராணுவச் சிப்பாயின் இடுப்பில் இப்போது இருக்கும் கைத்துப்பாக்கியின் பெயர் எம்-17. இதை வாங்குவதற்காக அந்த ராணுவம் 2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டெண்டர் கோரியது. துப்பாக்கித் தொழிலில் பேர்போன பல கம்பெனிகள் போட்டிக்கு வந்தன. கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டே இரண்டு. 2017-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி முடிவு வெளியாயிற்று. ஜெயித்தது, சிக் சாவர் கம்பெனியின் பி-320. தோற்றது, பல நாட்டுப் போலீசாரும் ராணுவத்தாரும் நம்பி வைத்திருக்கும் கிளாக்.

ஆபீசில் டெண்டர் பைல்களைப் புரட்டிப் பழகிய வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. மேஜை நாற்காலி வாங்கினாலும் சரி, துப்பாக்கி வாங்கினாலும் சரி, எழும் கேள்விகள் ஒன்றுதான். எது மலிவு? எது உழைக்கும்? சோதனை முழுவதும் முடிந்ததா? பின்னால் புகார் வந்தால் பதில் சொல்வது யார்? ஒரு வித்தியாசம் உண்டு. நாற்காலி உடைந்தால் உட்கார்ந்தவர் விழுவார். துப்பாக்கி தவறினால் உயிர் போகும்.

சுத்தி போய் ஊசி வந்தது

முதலில், இந்தப் புது ரகத்துக்கும் பழைய ரகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம்.

பழைய கைத்துப்பாக்கியின் பின்புறத்தில் சிறு சுத்தி ஒன்று வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். விசையை இழுத்தால் சுத்தி விழும். அது ஓர் ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும். தோட்டா வெடிக்கும். சுத்தி எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம், கட்டை விரலால் தொட்டும் பார்க்கலாம்.

புது ரகத்தில் வெளியே சுத்தி கிடையாது. 'ஸ்ட்ரைக்கர்' என்னும் ஊசியே ஸ்பிரிங்கின் பலத்தில் உள்ளே பின்வாங்கி நிற்கிறது. ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விசையை இழுத்தால் கொக்கி நழுவுகிறது. ஊசி பாய்ந்து தோட்டாவைக் குத்துகிறது. பாகங்கள் குறைவு. உறையில் இருந்து எடுக்கும்போது சட்டையில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியமாக, முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் விசையின் கனம் ஒன்றாகவே இருக்கும்.

இது சின்ன லாபம் அல்ல. அமெரிக்க ராணுவம் அதற்கு முன் வைத்திருந்த பெரெட்டா துப்பாக்கியில் முதல் இழுப்பு கனமாகவும் நீளமாகவும் இருக்கும். இரண்டாவதில் இருந்து லேசாகிவிடும். பயிற்சி குறைந்த சிப்பாய்க்கு முதல் குறி ஒரு பக்கமும் இரண்டாவது குறி இன்னொரு பக்கமும் போவதற்கு இதுவே காரணமாயிற்று.

இந்த ஊசி முறை நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1900-ம் ஆண்டிலேயே ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்க நிபுணரின் துப்பாக்கி ஒன்று இப்படி வந்தது. ஆனால் அதை உலகம் முழுவதும் பரப்பியவர் ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த காஸ்டன் கிளாக்.

மூன்று பழைய கைகள்

புது ஆளை எடைபோட வேண்டுமானால், அவன் எதிரே நிற்கும் பழைய ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கோல்ட் 1911. இதுவும் பிரவுனிங் வடித்ததுதான். 1911-ம் ஆண்டு நடந்த சோதனையில் ஒரே துப்பாக்கியில் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒரு தடவை கூட மக்கர் செய்யவில்லை. இரண்டு உலகப் போர்களைக் கடந்து 1985 வரை அமெரிக்கப் படையின் கைத்துப்பாக்கியாக அது இருந்தது. குறை என்னவென்றால் கனம் அதிகம், உதைப்பு அதிகம், உள்ளே ஏழு தோட்டாக்கள்தான்.

இரண்டாவது, இத்தாலி நாட்டுப் பெரெட்டா. 1985-ல் அமெரிக்கா இதற்கு எம்-9 என்று பெயர் சூட்டி ஏற்றுக்கொண்டது. 15 தோட்டா கொள்ளும். அந்தப் போட்டியிலும் கடைசி வரை எதிர்த்து நின்றது சிக் சாவர் கம்பெனிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். தனித் துப்பாக்கியின் விலையில் சிக் சாவர் சற்று மலிவு. உதிரி பாகங்களையும் சேர்த்துக் கூட்டியபோது பெரெட்டா மலிவாகிவிட்டது. ஆர்டர் அங்கே போயிற்று. 32 ஆண்டுகள் கழித்து, அதே மொத்தக் கூட்டல் கணக்கு சிக் சாவருக்குச் சாதகமாகத் திரும்பியது!

பெரெட்டாவுக்கும் வந்த புதிதில் கெட்ட பெயர் ஏற்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் சில துப்பாக்கிகளின் மேல்பாகம் சுடும்போதே உடைந்து பின்னால் பாய்ந்தது. சுட்டவர்களில் சிலர் முகத்தில் காயமடைந்தார்கள். பிறகு, மேல்பாகம் உடைந்தாலும் பின்னால் பறக்காதபடி ஒரு முளையின் தலையைப் பெரிதாக்கி அமைப்பை மாற்றினார்கள். அதற்குப் பின் 30 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கி சேவை செய்தது.

மூன்றாவது, கிளாக். காஸ்டன் கிளாக் துப்பாக்கிப் பரம்பரையில் வந்தவர் அல்ல. திரைச்சீலைக் கம்பிகளும், கத்தியும், மண் தோண்டும் கருவியும் செய்துகொண்டிருந்தவர். ஆஸ்திரிய ராணுவம் புதுத் துப்பாக்கி தேடுகிறது என்று கேள்விப்பட்டு முயற்சியில் இறங்கினார். 1982-ல் அவருடைய கிளாக்-17 தேர்வு பெற்றது. கைப்பிடியும் சட்டமும் பிளாஸ்டிக். 17 தோட்டா கொள்ளும். காலி மேகசினுடன் எடை சுமார் 700 கிராம். பெரெட்டாவோ 950 கிராம் அளவுக்கு வரும். "பிளாஸ்டிக் பொம்மை" என்று சிரித்தவர்கள் பின்னர் வாயை மூடிக்கொண்டார்கள். 2013-ல் பிரிட்டிஷ் ராணுவம் பழைய பிரவுனிங் துப்பாக்கிகளைக் கழித்துவிட்டு கிளாக்கை எடுத்துக்கொண்டது. காஸ்டன் கிளாக் 2023 டிசம்பரில் தமது 94-வது வயதில் காலமானார்.

ஒரு மோட்டார், பல ஜாடிகள்

இப்போது புது ஆளுக்கு வருவோம். பி-320 விற்பனைக்கு வந்தது 2014-ல். இதன் சிறப்பைப் புரிந்துகொள்ள வீட்டு மிக்ஸியை நினைத்துக்கொண்டால் போதும்.

மிக்ஸிக்கு மோட்டார் ஒன்று. சட்னிக்குச் சின்ன ஜாடி, மாவுக்குப் பெரிய ஜாடி என்று மாற்றி மாட்டிக்கொள்கிறோம். பி-320-ல் விசையும் கொக்கியும் அடங்கிய எஃகுப் பகுதி ஒன்று தனியே கழன்று வரும். உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பகுதிதான் மோட்டார். நம்பர் பொறித்திருப்பதும் இதன் மீதுதான். அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி என்பதே இந்தச் சின்னப் பகுதிதான். கைப்பிடி, குழல், மேல்பாகம் எல்லாம் ஜாடிகள். நீளமான குழல் வேண்டுமா, குட்டையானது வேண்டுமா, பெரிய கைப்பிடியா, சிறிய கைப்பிடியா, வேறு அளவுத் தோட்டாவா? ஜாடியை மாற்றினால் போதும்.

ராணுவத்துக்கு இதில் என்ன லாபம்? படையில் ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். ஆறடி உயரக்காரரின் கையும் ஐந்தடிக்காரரின் கையும் ஒன்றல்ல. கைப்பிடி பொருந்தாவிட்டால் விரல் விசையை நேராக எட்டாது. குறி தவறும். கிளாக் கம்பெனியும் கைப்பிடியின் பின்பக்கத்தில் வெவ்வேறு தகடுகளை மாட்டிப் பருமனை மாற்ற வழி செய்திருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் எம் அண்ட் பி துப்பாக்கியிலும் 2005-ல் இருந்து அந்த வசதி உண்டு. ஆனால் அவற்றில் சட்டம் ஒன்றேதான். சட்டத்தையே கழற்றி மாற்றுவது பி-320-ல்தான். கைப்பிடி உடைந்தால் புதுத் துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றினால் தீர்ந்தது.

டெண்டருக்கு சிக் சாவர் பெரியதும் சிறியதுமாக இரண்டு அளவுகளைக் கொடுத்தது. அவையே எம்-17, எம்-18 என்று பெயர் பெற்றன. கிளாக் ஒரே அளவைக் கொடுத்து, எல்லா வேலைக்கும் இதுவே போதும் என்றது.

10 கோடி டாலர் வித்தியாசம்

தோற்ற கிளாக் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் 2017 பிப்ரவரியில் முறையீடு செய்தது. சோதனைகளை முழுவதும் முடிக்காமலேயே வெற்றியை அறிவித்துவிட்டார்கள் என்பது அதன் வாதம்.

ஜூன் 5-ந் தேதி தீர்ப்பு வந்தது. முறையீடு தள்ளுபடி ஆயிற்று. டெண்டர் விதிகளிலேயே அதற்கு இடம் இருந்தது என்பது காரணம். ஆனால் அந்தத் தீர்ப்பின் மூலம் உள் விவரங்கள் வெளியே வந்தன. சிக் சாவரின் மொத்த விலைக் கணக்கு 16 கோடியே 95 லட்சம் டாலர். கிளாக்கின் கணக்கு 27 கோடியே 22 லட்சம் டாலர். வித்தியாசம் 10 கோடி டாலருக்கு மேல்! தொழில்நுட்பத்தில் சிக் சாவர் 'சிறிதளவு' மேலானது என்று ராணுவம் மதிப்பிட்டிருந்தது. அதே சமயம், நடுவில் சுடாமல் சிக்கிக்கொள்வது சிக் சாவரின் பெரிய துப்பாக்கியில்தான் அதிகம் என்பதும் பதிவாகியிருந்தது.

பைல் பார்க்கும் குமாஸ்தாவுக்கு இதன் அர்த்தம் உடனே விளங்கும். இரண்டும் ஏறக்குறைய சமம் என்று எழுதிவிட்டால், முடிவு செய்வது விலைதான். பத்து ஆண்டுகளில் 58 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2017 நவம்பரில் ராணுவத்தின் 101-வது வான்வழிப் படைப் பிரிவின் சிப்பாய்களுக்கு முதல் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன.

கீழே விழுந்தபோது

அதே 2017 ஆகஸ்டில் ஒரு குண்டு வெடித்தது. கடையில் விற்கும் பி-320 துப்பாக்கியைச் சிலர் ஒரு குறிப்பிட்ட கோணத்தில், பின்புறம் தரையில் படும்படி கீழே போட்டுப் பார்த்தார்கள். விசையை யாரும் தொடாமலே அது சுட்டது!

காரணம் எளிமையானது. விசைத் தகடு கனமாக இருந்தது. துப்பாக்கி தரையில் மோதி நின்றபோது, விசை மட்டும் வந்த வேகத்திலேயே பின்னோக்கிப் போயிற்று. பஸ் சட்டென்று நின்றால் உள்ளே நிற்பவர்கள் முன்னால் சாய்வது போலத்தான். விரல் இழுத்ததாக நினைத்துக் கொக்கி நழுவியது. அமெரிக்காவில் வழக்கமாக நடக்கும் விழுந்து சோதிக்கும் பரீட்சைகளில் பி-320 தேறித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பரீட்சைகளில் இந்தக் கோணம் இல்லை.

கிளாக்கில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. விசையின் நடுவே சின்ன நாக்கு ஒன்று இருக்கும். விரல் அதை அழுத்தினால்தான் விசையே நகரும். கீழே விழுந்தால் நாக்கை அழுத்த ஆள் இல்லை. மேலும், கிளாக்கின் ஊசி பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். மீதியை விரல்தான் இழுக்க வேண்டும். பி-320-ல் ஊசி ஏறக்குறைய முழுவதும் இழுபட்டு, பாயத் தயாராக நிற்கிறது. விசை இனிமையாக இருப்பதற்கு இதுவே காரணம். கொக்கியையும் அதற்குத் துணையான உள்பூட்டையும் முழுக்க நம்ப வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

டல்லஸ் நகரப் போலீஸ் அந்தத் துப்பாக்கியை நிறுத்தி வைத்தது. கம்பெனி உடனே, வேண்டியவர்களுக்கு இலவசமாகப் பாகங்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. விசை, கொக்கி, ஊசி மூன்றும் கனம் குறைந்தவையாக மாற்றப்பட்டன. ராணுவச் சோதனையில் இந்தக் குறை முன்பே தலைகாட்டி, எம்-17-ல் லேசான விசை வைக்கப்பட்டுவிட்டது. ராணுவத் துப்பாக்கியில் கட்டை விரலால் போடும் பூட்டும் உண்டு. கடையில் விற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பூட்டு கிடையாது.

கோர்ட்டில் வழக்குகள்

விவகாரம் அத்துடன் ஓயவில்லை. உறையில் இருந்தபடியே துப்பாக்கி சுட்டுவிட்டது, காலில் குண்டு பாய்ந்தது என்று போலீசாரும் பொதுமக்களும் வழக்குப் போட்டார்கள். விசையை இழுக்காமல் பி-320 சுடவே சுடாது என்று கம்பெனி அடித்துச் சொல்கிறது. சில வழக்குகளில் கம்பெனி ஜெயித்தது. 2024 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு ஜூரி, பாதிக்கப்பட்டவருக்கு 23 லட்சத்து 50 ஆயிரம் டாலர் நஷ்ட ஈடு தரும்படி கூறியது. அதே ஆண்டு நவம்பரில் பிலடெல்பியா ஜூரியும் கம்பெனிக்கு எதிராகவே முடிவு சொன்னது.

ஆனால் அவசரப்பட்டுத் துப்பாக்கி மீதே பழியைப் போட்டுவிடக் கூடாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2025 ஜூலையில் வயோமிங் மாநிலத்து விமானப் படைத் தளம் ஒன்றில் எம்-18 துப்பாக்கியின் குண்டு பாய்ந்து ஒரு வீரர் இறந்தார். விமானப் படையின் அந்தப் பிரிவு எம்-18 முழுவதையும் நிறுத்தி வைத்தது. துப்பாக்கி தானாகச் சுட்டது என்று நாடெங்கும் பேச்சாயிற்று. அடுத்த மாதம், பொய்யான தகவல் தந்தார், மரணத்துக்குக் காரணமானார் என்ற சந்தேகத்தின் பேரில் இன்னொருவர் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிகளைப் பரிசோதித்துவிட்டு மறுபடி உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கிளாக்கும் இந்தப் பேச்சுக்குத் தப்பியது அல்ல. வாஷிங்டன் நகரப் போலீஸ் கிளாக்குக்கு மாறிய பத்தாண்டில், தவறுதலாகச் சுட்ட சம்பவங்கள் 120-க்கு மேல் என்று 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை 1998-ல் எழுதியது. விசை லேசு, வெளிப்பூட்டு இல்லை, பயிற்சி போதவில்லை. மூன்றும் சேர்ந்தால் எந்தத் துப்பாக்கியும் ஆபத்துதான்.

யார் எதில் மேல்?

ஆக, மார்க்கு போடுவோம். கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதில் பி-320-க்கு முதல் இடம். விலையிலும் அதற்கே முதல் இடம். விசையின் இனிமையிலும் அதைத்தான் பலர் மெச்சுகிறார்கள். எடையில் கிளாக் லேசு. எம்-17 சுமார் 840 கிராம். தோட்டா எண்ணிக்கையில் இரண்டும் 17. பெரிய மேகசின் போட்டால் எம்-17-ல் 21. உதறி எறிந்தாலும் பொறுத்துக்கொள்ளும் குணத்திலும், நீண்ட நாள் பேரிலும் கிளாக் முந்துகிறது. கனமான முதல் இழுப்பு பெரெட்டாவுக்குக் குறை என்றார்கள். தவறிப்போய் விரல் பட்டால் அதே கனம்தான் காப்பாற்றும். ஒன்றில் கிடைக்கும் வசதிக்கு இன்னொன்றில் விலை கொடுத்தே ஆக வேண்டும்.

ராணுவச் சிப்பாய்க்கு, கட்டை விரல் பூட்டுடன் கூடிய எம்-17 ஏற்கத்தக்க ஆயுதம் எனலாம். பூட்டு இல்லாத பி-320-ஐ நாள் முழுவதும் இடுப்பில் சுமக்கும் கான்ஸ்டபிளுக்கு அதே வார்த்தையைச் சொல்ல முடியாது. சந்தேகம் தீராதவரை, அந்த இடத்தில் கிளாக்கே மேல்.

நமக்கு இதில் என்ன?

நமது ராணுவம் நெடுங்காலமாக வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. பிரவுனிங் தொடங்கி வைத்து, அவர் இறந்தபின் பெல்ஜியத்தில் முடித்து 1935-ல் வெளிவந்த மாதிரியே அதற்கு மூலம். 13 தோட்டா கொள்ளும். வெளியே சுத்தி உள்ள பழைய ரகம். சிக் சாவர் கம்பெனியும் நமக்கு அன்னியம் அல்ல. 2019-ல் 72,400 துப்பாக்கிகள் வாங்க நமது ராணுவம் அந்தக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்தது. அவை சிக்-716 என்னும் ரைபிள்கள். நம் திருச்சியிலும் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. திருச்சியும் இச்சாப்பூரும் 2021 அக்டோபரில் இருந்து ஒரே அரசுக் கம்பெனியின் கீழ் வந்திருக்கின்றன.

நாளைக்கு நம் படைக்கும் போலீசுக்கும் புதுக் கைத்துப்பாக்கி வாங்க டெண்டர் போடும்போது, அமெரிக்காவின் அனுபவம் பாடமாக இருக்க வேண்டும். குறைந்த விலை குற்றம் அல்ல. 1985-ல் பெரெட்டாவும் விலையில்தான் ஜெயித்தது, நன்றாகவே உழைத்தது. ஆனால் சோதனை முடியுமுன் கையெழுத்துப் போடுவது வேறு விஷயம். எந்தக் கோணத்தில் விழும் என்று பரீட்சைத் தாளில் எழுதியிருக்கும். தரைக்கு அது தெரியாது. குறை வெளிப்பட்டபின் பாகத்தை மாற்றித் தருவது நல்லதுதான். அதற்கு முன் அதைச் சுமந்து திரிந்தவன் யார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவர் துப்பாக்கியை இடுப்பில் கட்டுவதில்லை. கட்டுகிறவன் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சிப்பாய், கான்ஸ்டபிள், காவலாளி. எதை வாங்குவது என்று அவனை யாரும் கேட்பதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்கிறான். அவன் மாலையில் வீடு திரும்பி, துப்பாக்கியைக் கழற்றி வைக்கும் நிமிஷம் வரை அது அவன் தொடையை ஒட்டியே இருக்கிறது. டெண்டர் பைலில் விலைப் பட்டியலுக்கு மேலே எழுத வேண்டிய முதல் வரி அதுதான்.